கேஜி குழந்தைகளுக்கு அறிவியல்: படத்தைக் காட்டிப் பெயர் சொன்னால் போதுமா?

கேள்வி: புதுடீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு இந்த ஆண்டுதான் கேஜிக்கு வந்திருக்கிறேன். நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் 'அறிவியல்' என்று கால அட்டவணையில் இருக்கிறது. கொடுத்திருக்கும் புத்தகத்தில் செடியின் பாகங்கள், ஐம்புலன்கள், உயிருள்ளவை உயிரற்றவை, மிதப்பவை மூழ்குபவை, காந்தம், நிழல் என்று வண்ண வண்ணப் படங்கள். படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் "வேர்!" என்று கூரை அதிரக் கத்துகிறார்கள். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விளையாடுவதுதான்.

அவர்களுக்கு ஏதாவது புரிந்ததா என்றே தெரியவில்லை. உயிருள்ளவை பாடத்தில் ஒரு பையன் சூரியனுக்கு உயிர் உண்டு என்று ஒற்றைக் காலில் நின்றான். "அதான் காலைல வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகுதே மிஸ்" என்கிறான். வகுப்பில் பாதிப் பேர் அவன் கட்சி. செடிக்கு உயிர் உண்டு என்று சொன்னால் அதை நம்பத்தான் ஆள் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது? ஆய்வகம் கிடையாது, பெரிய செலவும் செய்ய முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இரட்டையர் அப்பா

நான் ஆசிரியர் இல்லை, வீட்டில் இரண்டு வாண்டுகள் அவ்வளவுதான். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை செய்து காட்டுங்கள். என் பையன்கள் நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் நல்ல வீடியோக்களும் இருக்கின்றன. அரை மணி நேரம் ஓடியே போய்விடும்.

பதில்: பழைய கரும்பலகை

எரிமலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் நுரை பொங்குகிறது, எல்லோரும் "ஓ" என்கிறார்கள், "இன்னொரு தடவை" என்கிறார்கள், அதற்குமேல் குழந்தை செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. நிஜ எரிமலை அப்படி வெடிப்பதும் இல்லை. கலந்தது டீச்சர், ஊற்றியது டீச்சர், குழந்தை பார்வையாளர். வீடியோவுக்கும் இதே கதைதான்.

புதுடீச்சர், நான் பணிக்காலம் முழுக்கக் கேஜியில்தான் இருந்தேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் இருக்கிற ஆறு பாடத்தையும் வரிசையாக முடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால், ஒன்றை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதிலேயே கிடங்கள். நான் எப்போதும் தண்ணீரில்தான் தொடங்குவேன். ஓர் அகலமான டப், பழைய துண்டுகள் நிறைய. முதல் இரண்டு மூன்று வகுப்பில் ஒன்றும் கற்பிக்காதீர்கள். அடிப்பார்கள், தெளிப்பார்கள், சட்டையை நனைப்பார்கள். அந்த ஆசை அடங்கும்வரை நீங்கள் கேட்கும் எதுவும் காதில் ஏறாது.

அப்புறம் பொருட்களைக் கொண்டு வாருங்கள். தடித்த மெழுகுவர்த்தி, ஒரு போல்ட், மரக்கட்டை, கூழாங்கல், இரும்புக் கரண்டி, பிளாஸ்டிக் கரண்டி, மூடி போட்ட காலி பாட்டில். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்: மிதக்கும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், முங்கும் என்பவர்கள் கதவுப் பக்கம். நடுவில் நிற்க அனுமதி இல்லை. வாயால் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சொன்னதையே சொல்வார்கள். காலால் நடந்துபோய் நின்றுவிட்டால் அது அவர்கள் பந்தயம் ஆகிவிடுகிறது, முடிவைப் பார்க்காமல் நகரமாட்டார்கள்.

அவர்களிடம் ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கும்: பெரியது முங்கும், சின்னது மிதக்கும். அதை உடைக்கத்தான் தடித்த மெழுகுவர்த்தியும் குட்டி போல்ட்டும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத போல்ட் அடியில் போய் உட்காரும், மெழுகுவர்த்தி ஹாயாக மேலே மிதக்கும். அப்போது வரும் விளக்கங்களைக் கேட்கவே இந்த வேலைக்கு வரலாம். "போல்ட் தண்ணி குடிச்சிடுச்சு." "மெழுகுவர்த்திக்கு நீச்சல் தெரியும்." ஒரு சிறுமி போல்ட்டோடு வந்த நட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டை இருந்தா முங்கும் மிஸ்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வேற எதுல ஓட்டை இருக்கு, தேடு" என்று மட்டும் சொன்னேன். மணி கோக்கும் டப்பாவிலிருந்து ஒரு பெரிய மரமணியைக் கொண்டு வந்தாள். நடுவே பொத்தல். போட்டாள், மிதந்தது. கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தவள், "இது மர ஓட்டை" என்றாள். இரும்பில் ஓட்டை என்றால் ஒரு விதி, மரத்தில் ஓட்டை என்றால் வேறு விதி! தன் கருத்தைச் சோதித்துப் பார்த்து, பொய்த்ததும் அதைத் திருத்திக்கொண்டாள். நாலரை வயதில் இதற்குமேல் என்ன அறிவியல் வேண்டும்? அடர்த்தி என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை, உச்சரிக்கவும் வேண்டாம்.

அடுத்தது களிமண். இங்கேதான் டீச்சர்களுக்குக் கை துறுதுறுக்கும். உருண்டையாக இருந்தால் முங்கும், அதே களிமண்ணைக் கிண்ணம்போல் செய்தால் மிதக்கும் என்பது நமக்குத் தெரியும். தயவுசெய்து செய்து காட்டாதீர்கள். உருண்டையைக் கையில் கொடுத்து, "இதை மிதக்க வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. புதிதாக ஒரு பொம்மை செய்தார்கள். அதில் நாலு ரகசியங்கள்: ஓரிடத்தில் இழுத்தால் கீச்சென்று சத்தம், ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் இசை, ஒரு குழாய்க்குள் கண்ணாடி. சில குழந்தைகளிடம் பெரியவர் ஆசிரியர் தோரணையில், "இது எப்படி வேலை செய்கிறது பார்" என்று கீச்சென்ற சத்தத்தை மட்டும் காட்டினார். மற்றவர்களுக்கு அப்படிப் பாடம் எடுக்கவில்லை. பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்தார்கள், மற்ற ரகசியங்களைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: தெரிந்தவர் ஒன்றுதான் காட்டினார் என்றால் அதில் ஒன்றுதான் இருக்கவேண்டும் இல்லையா?

களிமண்ணுக்கு வருகிறேன். முதலில் பிய்த்துப் பொடிப் பொடியாக்குவார்கள், சின்னது மிதக்கும் என்ற பழைய சட்டம் இன்னும் முழுசாகச் சாகவில்லை. பொடியும் முங்கும். பிறகு தட்டையாகத் தட்டுவார்கள். அதுவும் சாய்ந்து, ஒரு ஓரமாகத் தண்ணீர் ஏறி, முங்கும். கொஞ்சம் அலுப்பு வரும், ஒருவன் அழுவான், விடுங்கள். எங்கோ ஒரு மூலையில் ஒரு குழந்தை தட்டையின் ஓரத்தை மேலே மடக்கியிருக்கும். அது நின்றுவிட்டால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை, மொத்த டப்பும் படகுமயம்தான். அப்போது கூழாங்கற்களை எடுத்து வையுங்கள், எந்தப் படகு அதிகம் சுமக்கிறது என்று. எண்ணிக்கைப் பாடம் இனாம்.

இன்னொன்று. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். 3 விநாடி ஒன்றும் பெரிய காலம் இல்லை என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும்.

இப்போது உங்கள் சூரியன் பையன். அவனோடு வாதாட வேண்டாம். தானாக நகர்வதற்கு உயிர் உண்டு என்பது அந்த வயதின் பொதுவான கணக்கு. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே 1920-களிலேயே குழந்தைகளிடம் இதையெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். செடியை நம்ப மறுப்பதும் அதே கணக்கால்தான், அது நகர்வதில்லையே. அதனால் "உயிர் இருக்கா இல்லையா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "சூரியன் குட்டியா இருந்து வளர்ந்துச்சா? அதுக்குத் தாகம் எடுக்குமா? அதுக்குக் குட்டி உண்டா?" என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் சரி. பார்க்கவேண்டிய இடத்தை நகர்த்தி வைத்துவிட்டீர்கள், அது போதும்.

கூடவே எதையாவது வளர்க்க விடுங்கள். ஜப்பானில் கயோகோ இனகாகி வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுக் குழந்தைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டு 1990-இல் எழுதினார். மீனின் வெளியே தெரியாத விஷயங்கள், அதாவது உள்ளே ரத்தம் இருக்குமா என்பது போன்றவை, வளர்த்தவர்களுக்குத்தான் கூடுதலாகத் தெரிந்திருந்தன. அதைவிட முக்கியம், தவளையைப் பற்றிக் கேட்டபோது மீனை வைத்து யோசித்துப் பதில் சொன்னார்கள். தவளை எப்போதும் சின்னதாகவே இருக்குமா என்றால், இருக்காது, என் மீன்கூட முதலில் சின்னதாகத்தான் இருந்தது என்கிற ரீதியில். படம் பார்த்து 'உயிருள்ளவை' என்று வட்டம் போடுவதில் இது கிடைக்காது.

மீன் சிரமம் என்றால் விதை. கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவரை விதையைச் சொருகுங்கள். மண்ணில் புதைத்தால் வேடிக்கையின் முதல் பாதி தெரியாமல் போய்விடும். முதலில் என்ன வெளியே வரும் என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் இலை வரைவார்கள். வருவது வேர். வேர் ஒரு விரல்கடை வளர்ந்ததும் டம்ளரைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். "யாரு அதுக்குக் கீழ எதுன்னு சொன்னது?" என்று ஒருவன் கேட்டான். பெரிய ஆட்களுக்கே நீண்டநாள் வேலை வைத்த கேள்வி அது.

பதில்: குழந்தைகள் வார்டு

கரும்பலகை அம்மா சொன்னது எல்லாம் அருமை. நான் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள், அதனால் என் கண்ணுக்குத் தெரிவது வேறு.

புத்தகத்தில் காந்தம் என்று பார்த்தேன். கையடக்கமான பெரிய குதிரைலாடக் காந்தம் அல்லது தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது மட்டும் வாங்குங்கள். பளபளவென்று இருக்கும் சின்ன உருண்டைக் காந்தங்கள் வகுப்புக்குள் வரவே கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும், நடுவில் மாட்டும் குடல் சுவர் ஓட்டையாகிவிடும். டார்ச் வைத்து நிழல் பாடம் எடுத்தால் பொத்தான் பேட்டரி போடும் குட்டி டார்ச் வேண்டாம். அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

விதையை மூக்கில் போட்டுக்கொள்வது உங்கள் வகுப்பிலும் நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஊறிப் பருத்துவிட்டால் எடுப்பது கஷ்டம். ஆளுக்கு ஒன்று எண்ணிக் கொடுத்து, டம்ளருக்குள் எண்ணிச் சரிபாருங்கள். போல்ட், நட்டு, மரமணி, கூழாங்கல் எல்லாம் பெரிதாகவே தேர்ந்தெடுங்கள். 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் குறுக்களவு சுமார் 32 மி.மீ.; அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கும் என்று கணக்கு. உங்கள் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான், ஆனாலும் வாயில் வைக்கும் பழக்கம் இருக்கிற ஒருவர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர் பக்கத்தில் போல்ட்டை வைக்காதீர்கள். டப்பை விட்டு ஒரு பெரியவர் நகரும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டே நகரவேண்டும்.

பதில்: நிழல் மனிதன்

நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். கரும்பலகை அம்மாவோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தில் முட்டுகிறது. எதையும் சொல்லவே கூடாது என்று ஒரு புது ஆசிரியர் எடுத்துக்கொண்டால் சிக்கல். டப்பிடம் கேட்டால் பதில் வரும் கேள்விகள் உண்டு. அவற்றுக்கு வாயை மூடுவது சரி. இதன் பெயர் என்ன, இந்தப் புழு கடிக்குமா, டைனோசர் எங்கே போச்சு, இதற்கெல்லாம் டப்பிடம் பதில் கிடையாது. நேராகச் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள்.

சொல்லியும் பயன் இல்லாத மூன்றாவது வகையும் உண்டு. பூமி உருண்டை என்பது அதில் ஒன்று. ஸ்டெல்லா வோஸ்னியாடோவும் வில்லியம் புரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று ஒப்பித்த பள்ளிப் பிள்ளைகளிடம் மேலும் துருவிக் கேட்டார்கள். சிலர் மனதில் இரண்டு பூமி இருந்தது: நாம் நிற்கும் தட்டையான பூமி ஒன்று, வானத்தில் இருக்கும் உருண்டை ஒன்று. சிலர் உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் நாம் வாழ்வதாக நினைத்தார்கள். தட்டை என்று கண் சொல்கிறது, உருண்டை என்று டீச்சர் சொல்கிறார், இரண்டையும் காப்பாற்றப் பிள்ளைகள் கட்டிய வீடு அது. கேஜியில் அதற்கு அவசரம் இல்லை.

மாறாக நிழல் தங்கமான பாடம். காலையில் குழந்தையை வெயிலில் நிற்க வைத்து, பாதத்தையும் நிழலையும் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே பாதத்தடத்தில் நிற்கச் சொல்லுங்கள். நிழல் கோட்டை விட்டு வெளியே போயிருக்கும். "நீ நகர்ந்துட்டே" என்று சண்டை வரும், பாதத்தடத்தைக் காட்டித் தீர்த்து வையுங்கள். அடுத்த முறைக்கு முன்னால் நிழல் எந்தப் பக்கம் போகும், நீளுமா குட்டையாகுமா என்று பந்தயம். நிழலுக்குக் கண், மூக்கு வரைகிற குழந்தை இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள், "உன் நிழலில் கண் தெரியுதா?" என்று கேட்டால் தானே குனிந்து பார்க்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கட்டளையாகவே சொல்லுங்கள், அதில் கண்டுபிடிப்பு முறை வேண்டாம்.

பதில்: பழைய கரும்பலகை

நிழல் மனிதன் சொல்வது நியாயம்தான். பெயர்களைச் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தபின் சொல்லுங்கள். வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்த குழந்தைக்குத்தான் 'வேர்' என்ற பெயர் தேவைப்படும்.

பதில்: புதுடீச்சர்

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு நடைமுறைச் சந்தேகம். வகுப்பில் முப்பது பேர், உதவிக்கு ஓர் ஆயாம்மா. ஒரு டப்பைச் சுற்றி முப்பது பேர் எப்படி? இரண்டாவது, மாதம் ஒருமுறை பெற்றோர் வந்து நோட்டைப் பார்ப்பார்கள். தண்ணீரில் விளையாடினார்கள் என்று சொன்னால் என்னைத்தான் டப்பில் அமுக்குவார்கள். இன்னொரு சின்ன விஷயம், பழைய களிமண்ணை வைத்து வீட்டில் முயன்றேன், தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டது.

பதில்: பழைய கரும்பலகை

கடைசியிலிருந்து வருகிறேன். மண்ணிலிருந்து எடுக்கும் களிமண் தண்ணீரில் கரையும். எண்ணெய்ப் பசையுள்ள, காயாத, வண்ணக் கட்டிகளாக வரும் பிளாஸ்டிசின் வேண்டும். மாவில் செய்த விளையாட்டுக் களிமண்ணும் ஊறிப் பிசுபிசுத்துவிடும், அதுவும் ஆகாது. கிண்ணம் மிதக்கவேண்டுமானால் சுவர் மெல்லியதாக இருக்கவேண்டும், அதனால் குழந்தை கைக்கு அடங்குகிற உருண்டையாகவே கொடுங்கள்.

முப்பது பேரை ஒரே நேரத்தில் டப்பருகே விடவே விடாதீர்கள். ஒரு சமயம் ஆறு பேர், நீங்கள் டப்போடு. மற்றவர்கள் ஆயாம்மாவோடு வரைவது, கட்டை அடுக்குவது. ஒரு வகுப்புக்கு இரண்டு குழு பார்த்தால் வாரத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வரும், மிச்சமாகும் அரை வகுப்பு, முறை தவறியவர்களுக்கு. மெதுவாகத்தான் போகும். ஒரே பாடத்தில் வாரக்கணக்கில் கிடங்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நோட்டுக்கு வழி இருக்கிறது. ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் என்ன நடக்கும் என்று நினைத்ததைக் குழந்தை வரையட்டும், வலப்பக்கம் நடந்ததை. அதன் கீழே தேதி போட்டு, குழந்தை சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். "போல்ட் தண்ணி குடிச்சிடுச்சு" என்பது "இரும்பு நீரில் மூழ்கும்" என்று ஆகிவிட்டால் அந்தப் பக்கம் செத்தது. பெற்றோர் வந்ததும் முதல் வாரப் பக்கத்தையும் கடைசி வாரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். அப்படியும் ஒருவர், "ஏ ஃபார் ஆப்பிள் எப்போ?" என்று கேட்பார். அவரை டப்பருகே உட்கார வைத்துக் கையில் ஒரு உருண்டையைக் கொடுங்கள். பெரியவர்களும் முதலில் தட்டையாகத்தான் தட்டுகிறார்கள்.